பக்கத்து நாற்காலிக்காரர்

ஜூலை 21, திங்கள்

எரிவாயு உருளைக்குப் பதிவு செய்தேன். மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றினேன். ரத்த அழுத்த மாத்திரை தீரப்போகிறது, வாங்க வேண்டும்.

மாலையில் நாடக விழா தொடங்கிற்று. பாண்டிச்சேரி முத்தியால்பேட்டையில் அதே திருமண மண்டபம். ஆடியில் யாரும் கல்யாணம் வைப்பதில்லை. சும்மா கிடக்கும் மண்டபத்தை உரிமையாளர் ஆண்டுதோறும் ஒரு வாரம் சிறு நாடகக் குழுக்களுக்கு விட்டுக்கொடுக்கிறார். மணமேடைதான் அரங்கு. மணமகள் அறையில் ஒப்பனை. கடைசியாக நடந்த கல்யாணத்தின் தெர்மகோல் எழுத்துகள் இரண்டு பின்சுவரில் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தன. எடுக்க மறந்தார்களா, காட்சியமைப்பே அதுதானா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது வரிசை, நடைபாதை ஓரம் உட்கார்ந்தேன். வழக்கம்போல என் இடப்பக்க நாற்காலியில் கைக்குட்டையை விரித்து வைத்தேன்.

நாடகத்தின் பெயர் 'பொதுக்கூட்டம்'. மணி அடிப்பதற்கு முன்பே எனக்கு முன்வரிசையில் ஒருவர் எழுந்து தன் செருப்பைக் காணவில்லை என்றார். நல்ல செருப்பாம், மருமகன் வாங்கிக் கொடுத்ததாம். குரல் உடைந்துவிட்டது. எனக்குப் பாவமாக இருந்தது. குனிந்து நாற்காலிகளுக்கு அடியில் தேடினேன். அவர் மேல் விளக்கொளி விழுந்தபோது நான் மண்டியிட்டுத் தரையில் இருந்தேன். அவர் நடிகர். பின்னால் ஒரு பெண் சிரித்தாள். நான் விழுந்த காசைத் தேடுவதுபோல் இன்னும் சற்றுத் தடவிவிட்டு எழுந்தேன். அது அவளை ஏமாற்றியிருக்கும் என்று தோன்றவில்லை.

அதன் பிறகு மேடையை நான் சரியாகப் பார்க்கவில்லை. இருக்கைகளில் இருந்தவர்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். தூணருகே கொட்டாவி விடுகிறாரே, அவர் உண்மையிலேயே கொட்டாவி விடுகிறாரா? 

நாடகம் முடிந்ததும் நடிகர்கள் மேடை விளிம்பில் உட்கார, ஒலிவாங்கி கை மாறிப் போகும். அதற்குக் கருத்துப் பகிர்வு என்று பெயர். முதலில் பேசுவது எந்த ஆண்டும் தாடிக்காரர் ஆதிமூலம்தான். நான் இதுவரை ஒலிவாங்கியைத் தொட்டதில்லை. வீட்டுக்கு வந்து இங்கே எழுதுவதோடு சரி.

என் மதிப்பெண்: இருபத்தைந்துக்குப் பதினான்கு. ஏமாந்த கோபத்தில் இரண்டு குறைத்திருக்கலாம்.

ஜூலை 22, செவ்வாய்

மாத்திரை வாங்கினேன்.

இன்று 'கயிறு'. மூன்று பேர், ஒரு தேங்காய் நார்க் கயிறு, ஒரு வார்த்தை கிடையாது. ஆதிமூலம் கயிறு என்பது அதிகாரம் என்றார். ஒரு பெண் தொப்புள்கொடி என்றாள். நடிகரைக் கேட்டதற்கு, "கயிறுதாங்க" என்றார். இந்த ஒரு பதிலுக்காகப் பதினெட்டுக் கொடுக்கிறேன்.

நாடகம் தொடங்கும் முன் ஒன்று நடந்தது. வெள்ளைச் சட்டை போட்ட கனத்த மனிதர் ஒருவர், அறுபத்தைந்து வயது இருக்கும், என் பக்கத்து நாற்காலியிலிருந்து கைக்குட்டையை எடுத்து மடித்து என் கையில் கொடுத்தார். "யாராச்சும் வராங்களா சார்?" என்று கேட்டார். நான் அதைச் சட்டைப்பையில் வைத்தேன். அவர் உட்கார்ந்துவிட்டார். பின்னால் எத்தனையோ நாற்காலிகள் காலியாக இருந்தன.

பெயர் தெய்வசிகாமணி. பண்ருட்டியில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி வைத்திருக்கிறாராம். நாடகம் நடக்கும்போதே என் காதருகே குனிந்து, "நல்ல கயிறு சார். வண்டி இழுக்கத் தாங்கும்" என்றார். இப்படி ஒரு மனிதர் ஏழு நாள் சீட்டு வாங்கிக்கொண்டு சிறு நாடகங்கள் பார்க்கப் பண்ருட்டியிலிருந்து ஏன் வர வேண்டும்? சட்டைக் கஞ்சி அதிகம். பேச்சும் கேட்காமலே வருகிறது.

நேற்றைய செருப்புக்காரர் ஞாபகம் வந்தது.

ஜூலை 23, புதன்

முகமூடி நாடகம், தண்ணீர் லாரிகளைப் பற்றியது. பாதியில் விளக்கெல்லாம் அணைந்தது. நடிகர்கள் கைபேசி வெளிச்சத்தில் தொடர்ந்தார்கள். அருமையான உத்தி என்று எல்லோரும் கைதட்டினார்கள். முடிந்ததும் நான் எதிர்த் தேநீர்க் கடைக்குப் போய், மின்சாரம் போயிற்றா என்று கேட்டேன். போயிற்று என்றார்கள். வந்து பதினாறை இருபதாக்க நினைத்து, பிறகு உத்தியாக இல்லாததற்கு ஏன் கூட்ட வேண்டும் என்று பதினாறாகவே விட்டேன்.

தெய்வசிகாமணியும் தேநீர்க் கடைக்குப் பின்னாலேயே வந்தார். இரண்டு தேநீர் சொன்னார். நான் வேண்டாம் என்பதற்குள் வந்துவிட்டது. அங்கே நின்று தன் கதையைச் சொன்னார்.

ஒரே மகள். பொறியியல் படிக்க அனுப்பினார். அங்கே நாடகத்தில் சேர்ந்தாள், படிப்பை முடித்ததும் வேலைக்குப் போகாமல் ஒரு குழுவோடு கிளம்பினாள். எட்டு வருடமாகப் பேச்சில்லை. இந்த விழாவில் அவள் நடிப்பதாக, அவரிடம் கார் பழக வந்த பையன் கைபேசியில் காட்டினானாம். எந்த நாள் என்று அவருக்குத் தெரியாது. அதனால் எல்லா நாளுக்கும் சீட்டு.

"கௌம்பறப்போ நான் ஒரு வார்த்தை பேசல சார். பஸ் ஸ்டாண்டுக்குக் கூட போவல. கதவச் சாத்திட்டு உள்ள போயிட்டன்" என்றார்.

எனக்குக் கஷ்டமாக இருந்தது. அதைக் காட்டாமல் கோப்பையைப் பார்த்தேன். அப்போது தேநீர்க் கடைக்காரர் ஏதோ கேட்க, அவரிடமும் அதையே சொன்னார். அதே சொற்கள். "ஒரு வார்த்தை பேசல. பஸ் ஸ்டாண்டுக்குக் கூட போவல." நிறுத்திய இடத்திலேயே நிறுத்தினார். பெருமூச்சும் அதே இடத்தில் வந்தது.

நான் புள்ளியியல் பேராசிரியராக இருந்தபோது, ஓய்வு பெறும்வரை தேர்வுப் பறக்கும் படையிலும் இருந்தேன். ஒருவரைக்கூட எழுப்பி நிறுத்தியதில்லை. சந்தேகப்படுவேன், கேட்கலாமா என்று யோசிப்பேன், மணி அடித்துவிடும். ஆனாலும் அந்த வேலை எனக்கு ஒரு விதியைக் கற்றுக்கொடுத்தது: இரண்டு விடைத்தாள்கள் வரிக்கு வரி ஒத்துப்போனால், இரண்டும் எங்கோ ஒரே தாளிலிருந்து வந்தவை.

இவர் மனப்பாடம் செய்திருக்கிறார். யாரோ எழுதிக் கொடுத்த வசனம்.

ஜூலை 24, வியாழன்

ஆடி அமாவாசை. கடற்கரையில் கூட்டம் என்று பால்காரர் சொன்னார். நான் போகவில்லை. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் வீட்டிலேயே எள்ளும் தண்ணீரும் விட்டேன். மனைவிக்கு விடும் முறை எனக்குத் தெரியாது. சாஸ்திரம் தெரிந்தவர்களைக் கேட்க வேண்டும் என்று மூன்று ஆண்டாக நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

தெய்வசிகாமணி கொடுத்திருந்த அட்டையில் தொலைபேசி எண் இருந்தது. மதியம் அதைக் கூப்பிட்டேன். ஒரு பெண் எடுத்து, பள்ளியின் பெயரைச் சரியாகச் சொன்னாள். சார் இருக்கிறாரா என்றேன். "சார் மெட்ராஸ் போயிருக்காருங்க. லைசென்ஸ் வேலையா. திங்கள்கிழமைதான் வருவாரு."

மெட்ராஸ்! மனிதர் தினமும் என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். ஆக, யாரிடமோ பொய் சொல்கிறார். என்னிடமா, அந்தப் பெண்ணிடமா? அந்தப் பெண்ணும் நாடகக் குழுவைச் சேர்ந்தவளாக இருந்தால், இந்தக் கேள்விக்கே இடமில்லை. ஓர் எண்ணை அச்சடித்து ஒருத்தியை எடுக்கச் சொல்வது பெரிய காரியமா?

மாலை நாடகம் 'எடைக் கல்'. கணவன், மனைவி, நடுவில் ஒரு தராசு. மனைவியாக நடித்தவர் நன்றாகச் செய்தார். பாதிக்கு மேல் என்னால் கவனிக்க முடியவில்லை. காரணம், தெய்வசிகாமணியின் வலது கால். மேடையில் யாராவது ஓடினால், திரும்பாமல் பின்னால் நடந்தால், அந்தக் கால் தரையை அழுத்துகிறது. குதிகால் ஊன்றி, முன்பாதம் மட்டும். அழுத்தியபின் மெதுவாக விடுகிறது. கண் மேடையில் இருக்கிறது, கால் தன் போக்கில் போகிறது. பாத்திரத்துக்கு ஏற்ற அங்க அசைவை இவ்வளவு நுணுக்கமாகப் பழகியிருக்கிறாரே என்று எனக்கு ஒருவித மரியாதை வந்தது.

பார்வையாளர்களுக்கு நடுவில் ஒருவரை வாரம் முழுக்க உட்காரவைத்து, கடைசி நாளில் அவரை வைத்து ஒரு நாடகத்தை முடிக்கும் திட்டமாக இருக்கும். என்னை ஏன் தேர்ந்தெடுத்தார்கள்? திங்கட்கிழமை செருப்பைத் தேடினவன் என்பதால்தான்.

பதினேழு. சுகந்தா இருந்தால் தராசு நாடகத்தைப் பற்றி என்ன சொல்லியிருப்பாள் என்று எனக்குத் தெரியும். எழுதவில்லை.

ஜூலை 25, வெள்ளி

நான் இன்று துணிச்சலாக ஒன்று செய்தேன்.

சீக்கிரமே போய்விட்டேன். வாசலில், மணமக்கள் பெயர்ப் பலகை வைக்கும் இடத்தில், ஞாயிற்றுக்கிழமை நாடகத்துக்கான தாளைப் பசை தடவி ஒட்டிக்கொண்டிருந்தாள் ஒரு பெண். முப்பது வயது இருக்கலாம், குட்டை முடி. தாளில் கையால் எழுதியிருந்தது: 'இடப்பக்க இருக்கை. வல்லி, தனி நடிப்பு.' வல்லி யார் என்றேன். நான்தான் ஐயா என்றாள்.

கடைசி நாள் நாடகம் இவளுடையது. ஆகவே திட்டமும் இவளுடையதாகத்தான் இருக்கும். எனக்குக் கண்டுபிடித்துவிட்ட பெருமை. அடக்கிக்கொண்டிருக்கலாம். ஆனால் பறக்கும் படையில் ஒருமுறைகூட வாய் திறக்காதவனுக்கு அந்த ஒரு வாய்ப்பை விட மனம் வரவில்லை.

என் பக்கத்தில் நீங்கள் உட்காரவைத்திருக்கும் நடிகர் மிகவும் நன்றாகச் செய்கிறார், ஆனால் சற்று அதிகம் பேசுகிறார் என்றேன். அவள் சிரித்துக்கொண்டே எந்த நடிகர் என்று கேட்டாள். பண்ருட்டி கார் பள்ளி, எட்டு வருடமாகப் பேசாத மகள், சாத்திய கதவு எல்லாவற்றையும் சொன்னேன். கதவு கொஞ்சம் மிகை, எடுத்துவிடலாம் என்று யோசனையும் சொன்னேன். காலை அழுத்துவது மட்டும் பிரமாதம், அதை விட்டுவிடாதீர்கள் என்றேன். எப்படி என்று செய்தும் காட்டினேன்.

அவள் சிரிப்பு எங்கே நின்றது என்று நான் கவனிக்கவில்லை. பசைத் தூரிகை தாளின் மேலேயே இருந்து, 'இருக்கை' என்ற எழுத்து கரைந்து ஓடியது.

"எங்க உட்காராரு?"

மூன்றாவது வரிசை, என் இடப்பக்கம் என்றேன்.

"தினமுமா?"

செவ்வாயிலிருந்து என்றேன்.

"ஐயா, எங்கிட்ட பேசினத அவர்கிட்ட சொல்லிடாதீங்க" என்றாள். ரகசியத்தைக் கண்டுபிடித்தவனிடம் ரகசியம் காக்கச் சொல்வது நியாயம்தானே. தலையாட்டினேன்.

இன்றைய நாடகம் எதைப் பற்றியது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. பன்னிரண்டு என்று போடுகிறேன். மேடையின் ஓரத்தில் திரைக்குப் பின்னாலிருந்து யாரோ மூன்றாவது வரிசையையே பார்ப்பதுபோல் இருந்தது.

ஜூலை 26, சனி

மாவு அரைக்கவில்லை. மோர்ச் சாதம்.

வாசலில் வல்லி எனக்காக நின்றிருந்தாள். சமையற்கட்டுப் பக்கம் கூட்டிப் போனாள். கல்யாணப் பாத்திரங்கள் கவிழ்த்து வைத்திருந்த இடத்தில் நின்று பேசினாள்.

அவர் நடிகர் இல்லையாம். அவளுடைய அப்பாவாம். வல்லி என்பது அமுதவல்லியாம்.

என் முகத்தில் என்ன தெரிந்ததோ, "நம்ப மாட்டேங்கறீங்களா?" என்றாள். நம்பவில்லை என்றும் சொல்ல முடியவில்லை. ஒரே ஒரு பார்வையாளருக்காக நடத்தும் நாடகங்கள் உண்டு என்று ஆதிமூலம் போன ஆண்டு பேசினார். அந்த ஒருவன் நானோ?

அவள் தொடர்ந்தாள். நாளைய நாடகத்தில் அவள் தன் அப்பாவாகத்தான் நடிக்கிறாள். எந்த ஊரில் போட்டாலும் ஜனங்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். "அவர் திட்டறது, வேட்டிய மடிச்சுக் கட்டறது, கால வெக்கிறது, எல்லாத்துக்கும் சிரிப்பாங்க ஐயா. சிரிக்கத்தான் அப்படி எழுதினேன். அவர் நடுவுல உட்கார்ந்திருக்க, சுத்தி எல்லாரும் அவரப் பாத்துச் சிரிச்சா அவர் எந்திரிச்சுப் போயிடுவாரு. அப்புறம் எப்பவும் வர மாட்டாரு. அவர் இருந்தா நான் மேடை ஏற மாட்டேன்."

நாடகம் ரத்து என்று அவரிடம் சொல்லி, நாளை மாலை எங்காவது அழைத்துப் போய்விட வேண்டும். இதுதான் அவள் கேட்டது. எனக்கு மறுக்கத் தெரியாது. சரி என்றேன்.

இருக்கைக்குத் திரும்பியபோது தெய்வசிகாமணி கைக்குட்டையை எடுத்து மடித்துக் கையில் வைத்திருந்தார். வந்த நாளிலிருந்து அது அவர் வேலையாகிவிட்டது. நான் ஒன்றுமே நடக்காததுபோல், நாளைக்கு நாடகம் இல்லையாம், நடிகைக்கு உடம்பு சரியில்லையாம், கடற்கரைக்குப் போகலாமா என்று கேட்டேன். என் காதுக்கே ஒப்பிப்பதுபோல் இருந்தது.

"அப்படிங்களா" என்றார். மேடையில் இன்னும் யாரும் வரவில்லை. அவருடைய வலது கால் தரையை அழுத்தியது. வெகுநேரம் விடவில்லை.

இன்றைக்கு மதிப்பெண் இல்லை.

ஜூலை 27, ஞாயிறு

நடந்ததை நடந்த வரிசையில் எழுத முயல்கிறேன்.

ஐந்தரைக்குக் கடற்கரைச் சாலையில் சந்தித்தோம். பாறைகளுக்கு மேலே மதில் கட்டையில் உட்கார்ந்தோம். வேர்க்கடலை வாங்கினார். நான் பேசவேண்டும் என்பதற்காக மழையைப் பற்றிப் பேசினேன், ஓய்வூதியத்தைப் பற்றிப் பேசினேன், அலைகளின் சராசரி உயரம் பற்றிக்கூடச் சொன்னேன் என்று நினைக்கிறேன். இடையிடையே கைக்கடிகாரத்தைப் பார்த்திருக்கிறேன். பார்த்தது எனக்குத் தெரியவில்லை.

ஆறே முக்கால் இருக்கும். அவர் கடலைத் தோலை ஊதிவிட்டு, நிதானமாகச் சொன்னார்:

"சார், பயந்தவங்க பக்கத்துல உட்கார்ந்தே பொழச்சவன் நான். நீங்க நல்லா நடிக்கல சார்."

இத்தனை நாளும் நான் அவரைச் சொல்லிக்கொண்டிருந்த வார்த்தை அது.

நேற்றே தெரியுமா என்றேன். நேற்றே தெரியும் என்றார். மகளின் நாடகம் ஞாயிற்றுக்கிழமை என்பதும் முதல் நாளிலிருந்தே தெரியும். அந்தப் பையன் காட்டிய தாளில் நாளும் இருந்தது. "அன்னிக்கு மட்டும் வந்தா, அதுக்குன்னே வந்த மாதிரி இருக்கும் பாருங்க. நாடகம் பாக்கற ஆளு, அப்படியே இதையும் பாத்தான்னு இருக்கட்டும்னுதான் எல்லாத்துக்கும் வந்தன்." வீட்டில் மனைவியிடம்கூட மெட்ராஸ் என்றுதான் சொல்லியிருக்கிறார்.

தெரிந்தும் ஏன் என்னோடு இங்கே வந்தீர்கள் என்று கேட்டேன்.

"அது வர வேணாம்னு சொல்லி உட்டிருக்குது. நான் போவலாமா?" என்றார். சற்றுப் பொறுத்து, "வேணாம்னாச்சும் சொல்லி உட்டுதே சார். எட்டு வருசத்துல இதான் மொத சேதி" என்றார். முகத்தைத் தோளில் துடைத்துக்கொள்ளப் பார்த்தார். நான் கைக்குட்டையைக் கொடுத்தேன்.

அப்போதும் எனக்கு முழு நம்பிக்கை இல்லை என்பதை இங்கே எழுத வேண்டும். இவ்வளவு நல்ல வசனத்தை யாரும் கடலை தின்றுகொண்டே பேசிவிடுவார்களா என்று ஒரு மூலையில் இருந்தது. ஆனாலும் நான் எழுந்து நின்றேன். வாங்க, போகலாம் என்றேன். சொன்னது என் குரல்தானா என்று சந்தேகமாக இருந்தது. பிள்ளையிடம் கொடுத்த வாக்கு என்ன ஆவது என்று அவர் கேட்டார். அதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். எதையும் பார்த்துக்கொள்கிறேன் என்று நான் யாரிடமும் சொன்னதாக நினைவில்லை.

ஆட்டோ பிடித்தோம். நாடகம் தொடங்கியபின் முன்கதவைத் திறக்கமாட்டார்கள். சமையற்கட்டு வழியாகப் பந்தி நடக்கும் கூடத்துக்குள் போனோம். அங்கிருந்து ஒரு கதவு மண்டபத்தின் கடைசி வரிசைக்குப் பின்னால் திறக்கும். அதை ஒரு சாண் திறந்து வைத்துக்கொண்டு, இருட்டில், பந்தி மேசைக்குப் பின்னால் பெஞ்சில் உட்கார்ந்தோம்.

மேடையில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள். வலப்பக்கத்தில் உட்கார்ந்தால் அவள் கார் பழகுகிறவள். இடப்பக்கத்துக்கு மாறினால் கற்றுக்கொடுக்கிறவர். அந்தக் காரில் இடப்பக்கமும் ஒரு பிரேக் உண்டாம். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவள் இடப்பக்கம் உட்கார்ந்து, "கிளச்ச மிதிம்மா. என் உயிர மிதிக்காத" என்றபோது மண்டபமே சிரித்தது. உட்கார்ந்த விதமும் வயிற்றைத் தள்ளிய விதமும் எனக்கும் சிரிப்பு வந்தது. சிரித்துவிட்டுப் பயந்துபோய்ப் பக்கத்தில் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. கோபமாகவும் இல்லை. கண்ணாடியில் தன் தலைமுடியைப் பார்ப்பவர்போல் உன்னிப்பாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் கால் அழுத்தியது. குதிகால் ஊன்றி, முன்பாதம் மட்டும். பக்கத்தில் இவர் காலும் அழுத்தியது. சிரிப்பு ஒவ்வொன்றும் அந்தக் காலுக்குத்தான்.

பிறகு அவள் வேட்டியை இறக்கிவிட்டு வலப்பக்கம் வந்து உட்கார்ந்தாள். குரல் மாறிற்று. வீட்டை விட்டுக் கிளம்பிய விடியற்காலையைச் சொன்னாள். அப்பா பேசவில்லை. ஆனால் பெட்டியைத் தூக்கிப் பயிற்சிக் காரில் வைத்தார். சாவியை அவளிடம் எறிந்துவிட்டு இடப்பக்கம் ஏறி உட்கார்ந்தார். அவள்தான் ஓட்டினாள். பேருந்து நிலையம் பக்கம்தான். வழியெல்லாம் அவர் பிரேக்கைப் போட்டுக்கொண்டே வந்தார். காலியான சாலையில், ஆள் இல்லை, மாடு இல்லை. மூன்று முறை வண்டி நின்றுபோயிற்று.

"நான் தப்பா ஓட்டறேன்னு நெனச்சேன்" என்றாள்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. பஸ் ஸ்டாண்டுக்குக் கூட போவல என்று அவர் சொன்னார். கதவைச் சாத்தினேன் என்றார். இவள் அவர் வந்தார் என்கிறாள். இரண்டு விடைத்தாளும் ஒத்துப்போகவில்லை. ஒரே கை எழுதியிருந்தால் இப்படி எழுதாது. கதவைச் சாத்திய கதையை எட்டு வருடமாகத் தனக்கே ஒப்பித்து ஒப்பித்து அவர் மனப்பாடம் செய்திருக்கிறார். ஆக, யாரும் யாருக்கும் வசனம் எழுதிக் கொடுக்கவில்லை. என் பக்கத்தில் ஐந்து நாளாக இருந்தது ஒரு மனிதர்.

மேடையில் அவள் ஓட்டிக்கொண்டிருந்தாள். கை சக்கரத்தைப் பிடித்திருந்தது, இடப்பக்க நாற்காலி காலியாக இருந்தது. யாரும் சிரிக்கவில்லை. அவள் கண்ணை அந்தக் காலி நாற்காலிக்குத் திருப்பாமல் இருக்கப் பாடுபடுவது தெரிந்தது.

பந்தி மேசைகளுக்கு அடியில் கால் வைக்க ஓர் இரும்புக் கம்பி ஓடுகிறது. இவர் கால் அதன்மேல் இறங்கிற்று. அந்தக் கூடத்தில் அது மணி அடித்தாற்போல் கேட்டது.

அவள் தலை திரும்பவில்லை. கை அப்படியே நின்றது. அடுத்த வசனம் வர வெகுநேரம் ஆயிற்று. வந்தபோது, "அப்பா, போகட்டுமா?" என்று கேட்டாள். அது நாடகத்தில் இருந்த வசனமா என்று எனக்குத் தெரியாது.

கருத்துப் பகிர்வில் ஆதிமூலம் முதலில் பேசினார். பின்னாலிருந்து வந்த அந்த இரும்பு ஒலி உன்னதமான உத்தி, ஆனால் அதற்கென்று ஒரு முதியவரைக் கதவோரம் உட்காரவைத்திருப்பது தெரிந்துவிட்டது, அது சற்றுச் செயற்கை என்றார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். வல்லியும் பார்த்தாள். முதலில் என்னை. அந்தப் பார்வையை நான் எழுதப்போவதில்லை.

நான் கை தூக்கினேன். ஒலிவாங்கி வந்தது. கனமாக இருந்தது. "அவர் நடிகர் இல்லை" என்று சொல்ல நினைத்தேன். வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. பக்கத்தில் இருந்தவர் கையில் அதைக் கொடுத்துவிட்டேன்.

தெய்வசிகாமணி எழுந்து வேட்டியைச் சரிசெய்துகொண்டார். கல்யாண வீட்டில் மொய் எழுதப் போகிறவர்போல் கூச்சமாக நின்றார்.

"எல்லாம் சரியாத்தான் பண்ணுச்சு. மூணு தடவ வண்டி நின்னுச்சுன்னு சொன்னது தப்பு. ரெண்டு தடவதான்."

கூட்டம் சிரித்தது. வல்லி சிரிக்கவில்லை.

"மூணுப்பா."

"ரெண்டு."

"ரயில்வே கேட்டுகிட்ட நின்னுச்சே?"

அவர் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். "கேட்டு போட்டிருந்தான். அது கணக்குல வராது."

"கேட்டு தெறந்துதான்பா இருந்துச்சு."

அவர் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டே நின்றார். மூச்சுவிடும் சத்தம் மண்டபம் முழுக்கக் கேட்டது. மக்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். இவ்வளவு இயல்பான முடிவை இந்த விழாவில் பார்த்ததில்லை என்று எனக்கு முன்னால் ஒருவர் தன் மனைவியிடம் சொன்னார். வல்லி மேடை விளிம்பிலிருந்து இறங்கி, நாற்காலிகளுக்கு நடுவே வழி விலக்கிக்கொண்டு கடைசி வரிசையை நோக்கி வந்துகொண்டிருந்தாள்.

நான் பந்திக் கூடத்து வழியாகவே வெளியே வந்துவிட்டேன். 

ஜூலை 28, திங்கள்

எரிவாயு உருளை வந்தது. மாவு அரைத்தேன்.

காலையில் மண்டபப் பக்கம் நடந்தேன். நாற்காலிகளை அடுக்கி வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். தெர்மகோல் எழுத்துகள் அப்படியே இருந்தன.

மதியம் அட்டையில் இருந்த எண்ணுக்கு மறுபடி கூப்பிட்டேன். அதே பெண். சார் இன்னும் வரவில்லை, இரண்டு நாள் கழித்து வருவதாகச் சொன்னார் என்றாள். எங்கே இருக்கிறார் என்றேன். "பாண்டிச்சேரில இருக்கேன்னாருங்க. மகள் கூட" என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள். அதற்குள் ஊரெல்லாம் தெரிந்திருக்க வேண்டும். அல்லது, என்று ஓர் எண்ணம் வந்தது. அதை மேலே போகவிடவில்லை.

நேற்றைய நாடகத்துக்கு மதிப்பெண் போட உட்கார்ந்தேன். முதல் பாதி பார்க்கவில்லை, கடைசியில் நானும் கொஞ்சம் உள்ளே இருந்தேன். மதிப்பிட எனக்கு உரிமை இல்லை. இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன்.

கைக்குட்டை அவரிடமே தங்கிவிட்டது. வெள்ளையில் நீலக் கரை, மூலையில் சுகந்தா தைத்த எழுத்து. கேட்டால் உடனே அனுப்பிவிடுவார். கேட்க வேண்டாம் என்று நினைக்கிறேன்.